மும்பையில் நல்ல மீன் சாப்பாடு எங்கே கிடைக்கும்?

தூத்துக்குடியிலிருந்து வேலை மாற்றலாகி செம்பூருக்கு வந்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கடல் சூழ்ந்த ஊருக்கு வந்தும் வாய்க்கு ருசியாக ஒரு மீன் சாப்பாடு அமையவில்லையாம். பேர்பெற்ற ஓட்டல்களில் பில்லைப் பார்த்தால் தலை சுற்றுகிறதாம். உள்ளூர்க்காரர்கள் எங்கே சாப்பிடுகிறார்கள், போனால் என்ன கேட்டு வாங்க வேண்டும் என்பது அவர் கேள்வி. அடுத்து, ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள், அம்மா சைவம். அவர்களையும் அழைத்துக்கொண்டு ஒரு சனி ஞாயிறு மும்பைக்குத் தெற்கே கொங்கண் கடற்கரைப் பக்கம் போய்ச் சாப்பிட்டு வர முடியுமா என்றும் கேட்கிறார்.

முடியும். ஆனால் முதலில் கடற்கரையில் தேடுவதை விட்டுவிடுங்கள். மெரினாவில் மசாலா தடவிய மீன் துண்டுகளை அடுக்கி வைத்து, எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றிக்கொண்டு ‘வாங்க சார்’ என்று கூப்பிடுவார்களே, அந்தக் காட்சி இங்கே கிடையாது. ஜூஹுவிலும் கிர்காவ் சௌபாட்டியிலும் கிடைப்பது பேல்பூரி, பாவ் பாஜி, குல்ஃபி, ஐஸ் கோலா. கடலைப் பார்த்தபடி உட்கார வைக்கும் ஓட்டல்களில் நாம் கொடுக்கும் காசில் பாதி கடலுக்குத்தான் போகிறது. இந்த ஊரின் மீன் சாப்பாடு ரயில் நிலையங்களை ஒட்டிய தெருக்களிலும், ஃபோர்ட்டின் ஆபீஸ் சந்துகளிலும், பழைய மில் வட்டாரத்திலும்தான் இருக்கிறது.

அதற்குக் காரணம் உண்டு. பரேல், லால்பாக், வொர்லி பக்கத்துப் பஞ்சாலைகளுக்கு ரத்னகிரி வட்டாரத்திலிருந்து ஆண்கள் தனியாக வந்து வேலை பார்த்தார்கள். பெண்டாட்டி பிள்ளைகள் ஊரில். இவர்களுக்கு மாதக் கணக்கில் சாப்பாடு போட்டவை ‘கானாவள்’ எனப்பட்ட வீட்டு மெஸ்கள். பெரும்பாலும் பெண்கள், தாங்கள் குடியிருந்த ஒற்றை அறையிலேயே சமைத்துப் போட்டார்கள். அந்தப் பெண்கள் வட்டிக்காரர்களிடம் சிக்காமல் வங்கியில் கடன் வாங்க வழி செய்யத்தான் 1975-ல் பிரேமா புரவ் அன்னபூர்ணா மஹிலா மண்டலைத் தொடங்கினார். 1982-ல் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் நடத்திய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாகப் படுத்தன, மாதச் சாப்பாட்டுக்காரர்களும் கலைந்து போனார்கள். ஆனால் ஊர்ச் சாப்பாட்டை அளவான விலையில், சீக்கிரமாக, ஒரே தட்டில் வைத்துக் கொடுக்கும் அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. நீங்கள் தேட வேண்டியது அந்தப் பழக்கம் மிச்சமிருக்கும் கடைகளை.

கடையைத் தேர்ந்தெடுக்க நான் பார்ப்பது ஒன்றுதான்: அடுப்படியில் நிற்பவர் எந்தக் கரைக்காரர்? மும்பையிலிருந்து மங்களூர் வரை ஒரே கடல்தான், ஒரே மீன்தான். ஆனால் குழம்பு ஊருக்கு ஊர் மாறும். ‘மால்வணி’ என்று எழுதியிருந்தால் சிந்துதுர்க் மாவட்டத்துச் சமையல். ‘கோமந்தக்’ என்றால் கோவாவின் இந்துக் குடும்பத்துச் சமையல். ‘லஞ்ச் ஹோம்’ என்ற பெயரோடு ஃபோர்ட் பக்கம் இருந்தால் பெரும்பாலும் மங்களூர், உடுப்பிப் பக்கத்து ஷெட்டிகள் நடத்துவதாக இருக்கும். மூன்றையும் ஒரே மெனு கார்டில் போட்டு, கூடவே பனீர் பட்டர் மசாலாவும் ஹக்கா நூடுல்ஸும் வைத்திருந்தால் எழுந்து வந்துவிடலாம். மால்வணிக் கடையில் போய் கஸ்ஸி என்ற மங்களூர்த் தேங்காய்க் குழம்பைக் கேட்பதும், மங்களூர்க் கடையில் போய் சோல் கடி என்ற தேங்காய்ப்பால் பானத்தைக் கேட்பதும் வீண். கொடுப்பார்கள், நன்றாக இருக்காது.

மால்வணியிலிருந்து தொடங்குங்கள். செம்பூரிலிருந்து ஹார்பர் லைனில் குர்லா, அங்கே மாறி தாதர். தாதர் மேற்கில் சிந்துதுர்க், சைதன்யா இரண்டும் பல காலமாக உள்ளூர் மராட்டியர்கள் குடும்பத்தோடு வந்து சாப்பிடும் இடங்கள். விலே பார்லே கிழக்கில் தொடங்கிய கஜாலியும் இந்த வகைதான், ஆனால் அது வளர்ந்துவிட்டது. விலையும் கூடவே வளர்ந்திருக்கிறது. முதல் தடவை தாலி, அதாவது தட்டுச் சாப்பாடு, வாங்குங்கள். பாங்டா தாலி, சுர்மை தாலி, பாப்லெட் தாலி என்று மீனை வைத்துப் பெயர் இருக்கும். தட்டில் ஒரு வறுத்த துண்டு, கிண்ணத்தில் மீன் குழம்பு, கொஞ்சம் தேங்காய் போட்ட கூனி இறால் சுக்கா, சோறு, அரிசி மாவில் தட்டிய பாக்ரியோ சப்பாத்தியோ, ஒரு டம்ளர் சோல் கடி. குழம்பு தீர்ந்தால் பல கடைகளில் இன்னொரு கரண்டி ஊற்றுவார்கள், கேட்க வேண்டும்.

உங்கள் ஊர் மீன்தான் எல்லாம், பெயர்தான் மாறியிருக்கிறது. பாங்டா என்பது அயிலை. சுர்மை நெய்மீன், சென்னைக்காரர்களுக்கு வஞ்சிரம். பாப்லெட் வெள்ளை வாவல், ஹல்வா கருப்பு வாவல். ராவஸ் என்றால் காலா. தார்லி நம்ம மத்தி, அதாவது சாளை. மங்களூர்க் கடைகளில் காணே என்று சொல்வது கிழங்கான். மோரி குட்டிச் சுறா, திஸ்ர்யா மட்டி, கோளம்பி இறால், ஜவ்ளா கூனி. இவ்வளவு தெரிந்தால் போதும், பரிமாறுகிறவர் ஒரே மூச்சில் ஒப்பிக்கும்போது திருதிருவென்று விழிக்க வேண்டியதில்லை.

நம் பக்கம் அதிகம் புழங்காத ஒன்று பொம்பில். இதைச் சாப்பிடாமல் மும்பையில் மீன் சாப்பிட்டேன் என்று சொல்ல முடியாது. உடம்பெல்லாம் தண்ணீர் உள்ள மீன் அது. பச்சையாகக் கையில் எடுத்தால் நழுவி வழியும். தலையை நறுக்கி, வயிற்றோடு பிளந்து விரித்து, நடுமுள்ளை உருவிவிட்டு, உப்பு தூவி, மேலே கனமான எதையாவது ஏற்றி வைத்துவிடுவார்கள். நீர் வடிந்து மீன் தட்டையாகும். அப்புறம்தான் மஞ்சள், மிளகாய், இஞ்சி பூண்டு, புளிப்புக்குக் கோகம் பழச் சாறோ எலுமிச்சையோ தடவி, ரவையும் அரிசி மாவும் கலந்ததில் புரட்டி, தட்டைக் கல்லில் நிறைய எண்ணெய் விட்டு வறுப்பார்கள். நன்றாக வந்த பொம்பில் ஃப்ரை, ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் வளையாமல் நிற்கும். கடித்தால் வெளியே மொறுமொறு, உள்ளே வெண்ணெய் போலக் கரையும். தூக்கியதும் தொங்கிவிட்டால் நீரைச் சரியாக வடிக்கவில்லை என்று அர்த்தம். தட்டுக்கு வந்து ஐந்து நிமிடத்தில் இதன் மொறுமொறுப்பு போய்விடும். அதனால் மற்ற எல்லாவற்றோடும் சேர்த்துச் சொல்லாமல், உட்கார்ந்ததும் இதை மட்டும் சொல்லி, வந்த சூட்டிலேயே முடித்துவிட்டு அப்புறம் தாலிக்குப் போங்கள்.

சோல் கடியைக் கடைசியில் குடிக்க வேண்டும் என்பது வழக்கம். நான் முதலில் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிடுவேன். கோகம் தோலை ஊறவைத்து எடுத்த சாற்றில் தேங்காய்ப்பால், பூண்டு, பச்சை மிளகாய், மேலே கொத்தமல்லி, அவ்வளவுதான் சமாச்சாரம். அன்றைக்குப் பிழிந்த தேங்காய்ப்பால் என்றால் நிறம் வெளிறிய ரோஜாவாக இருக்கும், பூண்டு லேசாக மூக்கில் ஏறும். அடர்ந்த ரோஸ் மில்க் நிறத்தில் தித்திப்போடு வந்தாலோ, தண்ணீர் வேறு பால் வேறாகப் பிரிந்து நின்றாலோ, அந்தச் சமையலறையில் மற்றதும் அப்படித்தான் இருக்கும். அந்த நேரத்திலும் ஆர்டரைச் சுருக்கிக்கொள்ளலாம், தாமதமாகிவிடவில்லை.

அப்பாவுக்கு மீன் சலித்தால் கொம்டி வடே சொல்லுங்கள். அரிசி, உளுந்து, கொஞ்சம் வெந்தயம், கொத்தமல்லி விதை எல்லாம் சேர்த்து அரைத்த மாவில் பூரி மாதிரி தட்டி எடுத்தது வடே. கூட வரும் கோழிக் குழம்பில் தேங்காயைக் கருகக் கருக வறுத்து அரைத்திருப்பார்கள். நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்து வறுத்தரைத்த குழம்பு பழகிய நாக்குக்கு இது உடனே பிடித்துவிடும்.

கோமந்தக் கடைகள் தாதரிலும் பாந்த்ராவிலும் உண்டு. பாந்த்ரா கிழக்கில் நெடுஞ்சாலையை ஒட்டி காந்தி நகரில் இருக்கும் ஹைவே கோமந்தக், ஃபோர்ட்டில் பிரதீப் கோமந்தக் இரண்டும் தெரிந்த பெயர்கள். மால்வணியை விட இங்கே காரம் ஒரு படி குறைவு, தேங்காய் ஒரு படி அதிகம். இங்கே கேட்க வேண்டியது, திர்பள் போட்ட பாங்டா குழம்பு. திர்பள் மிளகை விடக் கொஞ்சம் பெரிய, வாய் பிளந்த காய்ந்த காய். லேசாகத் தட்டிக் குழம்பில் போடுவார்கள். அயிலையின் கொழுப்பு வாடையை அது அடக்கி, எலுமிச்சைத் தோல் போன்ற ஒரு மணத்தைக் குழம்பு முழுக்கப் பரப்பும். தட்டில் வந்தால் கடித்துவிடாமல் ஓரம் தள்ளுங்கள். கடித்தால் கொஞ்ச நேரத்துக்கு நாக்கு மரத்துப்போகும். கிராம்பைக் கடித்ததாக நினைத்து அப்பா திட்டக்கூடும், முன்பே சொல்லிவையுங்கள்.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம்முடைய மீன் குழம்பு புளியைக் கரைத்து ஊற்றி, நல்லெண்ணெய் மிதக்கக் கொதித்து, மறுநாள் காலையில் இட்லிக்கு உச்சத்தைத் தொடுவது. இந்தக் கரைக் குழம்பில் புளிப்புக்குப் பெரும்பாலும் கோகம், உடம்புக்குத் தேங்காய். அடுப்பை விட்டு இறக்கியதும் சாப்பிட வேண்டியது. பார்சல் வாங்கிப் போய் இரவில் சூடு பண்ணிச் சாப்பிட்டுவிட்டு, ‘என்ன பெரிய மால்வணி’ என்று சொல்லாதீர்கள்.

ஃபோர்ட்டில் மங்களூர்க் கடைகள். மகேஷ் லஞ்ச் ஹோம், அபூர்வா, காலா கோடாவில் திரிஷ்ணா. இவை நீங்கள் பயப்படும் பில் ரகம்தான், அதிலும் நண்டு சொன்னால் சொல்லவே வேண்டாம். வெளியூர்க்காரர்கள் எல்லோரும் பட்டர் கார்லிக் நண்டு கேட்கிறார்கள். எனக்கு அது வெண்ணெயும் பூண்டும்தான். நண்டு எங்கோ அடியில் கிடக்கிறது. அந்தக் காசுக்கு அங்கே உண்மையான கெட்டிக்காரத்தனம் இருப்பது கஸ்ஸியிலும் நீர் தோசையிலும். வறுத்த மிளகாய், மல்லி, தேங்காய் அரைத்த அந்தக் குழம்பை, வெள்ளைத் துணி மாதிரி மடித்து வரும் நீர் தோசையில் தோய்த்துச் சாப்பிடுங்கள். காணே ரவா ஃப்ரையும், புளியும் மிளகாயும் தூக்கலாகப் போட்ட புளிமுஞ்சியும் சேர்த்துக்கொண்டால் இரண்டு பேருக்குத் தாராளம். குந்தாபுரத்துக் கீ ரோஸ்ட் (தோசை அல்ல, நெய்யில் புரட்டிய மிளகாய் மசாலா) பிடிக்குமென்றால் இறாலில் கேளுங்கள், கோழியில் வேண்டாம். வார நாள் மதியம் போவதுதான் நல்லது. ஆபீஸ் கூட்டம் வருவதால் சமையலறை முழு வேகத்தில் இருக்கும், எதுவும் தேங்காது.

கோலி மீனவர்களின் வீட்டுச் சமையல்தான் இந்த ஊரின் மூலச் சமையல். ஆனால் அது ஓட்டலுக்கு அவ்வளவாக வரவில்லை. வெர்சோவாவில் குளிர்காலத்தில் கோலி மக்கள் நடத்தும் மீன் உணவுத் திருவிழா நடந்தால் தவறவிடாதீர்கள். வீட்டுப் பெண்களே நெருப்பில் சுட்டும் வறுத்தும் தருவார்கள். மெனு கார்டுகளில் இருக்கும் ‘ப்ரான்ஸ் (இறால்) கோலிவாடா’ வேறு கதை. சயான் கோலிவாடாவில், அதாவது இப்போதைய ஜி.டி.பி. நகரில், பிரிவினைக்குப் பிறகு குடியேறிய பஞ்சாபிகளின் கடைகளில் பிறந்த பண்டம் அது. கடலை மாவு, ஓமம் எல்லாம் போட்டுப் பொரித்த இறால். நம் ஆட்கள் நிறைந்த வட்டாரம்தான், உங்களுக்கு ஹார்பர் லைனில் நாலே ஸ்டேஷன் தள்ளி. ஒரு மாலை போய்க் கொறித்துவிட்டு வரலாம், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

பில் விஷயத்துக்கு வருவோம். மெனுவில் பாப்லெட்டுக்கும் நண்டுக்கும் நேரே விலை இருக்காது, ‘சைஸ் பார்த்து’ என்று இருக்கும். இங்கேதான் புதியவர்கள் மாட்டுகிறார்கள். ‘ஆஜ் தாஜா க்யா ஹை?’ (இன்றைக்குப் புதிதாக என்ன இருக்கிறது?) என்று முதலில் கேளுங்கள். ‘சைஸ் திகாவோ, ரேட் பஹ்லே பதாவோ’ (சைஸைக் காட்டு, விலையை முதலில் சொல்லு) என்று அடுத்து. தட்டில் வைத்துக் கொண்டுவந்து காட்டுவார்கள். செவுளைத் தூக்கிப் பார்ப்பதற்குத் தூத்துக்குடிக்காரருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் கிடையாது. பக்கத்து மேசை மராட்டியக் குடும்பத்து அம்மாவைக் கவனியுங்கள், நம்மை விடக் கறாராகக் கேட்பார்.

இன்னும் சொல்லப்போனால், பாப்லெட்டையே விட்டுவிடலாம். மகாராஷ்டிர அரசு 2023-ல் அதை மாநில மீனாக அறிவித்ததே, குறைந்துகொண்டு வருகிறது, காப்பாற்ற வேண்டும் என்பதற்காகத்தான். முட்டையிடும் வயசுக்கு முன்பே பிடித்துவிடுகிறார்கள். உள்ளங்கை அளவுகூட இல்லாத மீனுக்குப் பெரிய மீன் விலை கேட்கிறார்கள். அதே காசில் பாங்டா, மாந்தேலி, பொம்பில் மூன்றும் சாப்பிடலாம். மாந்தேலி நெத்திலிக்குச் சொந்தக்காரன், பொன் நிறம், முள்ளோடு மென்று தின்றுவிடலாம். உள்ளூர்க்காரர்கள் தினப்படி சாப்பிடுவதும் இந்த மலிவு மீன்களைத்தான். விலை குறைந்த மீன் வேகமாக விற்றுத் தீர்கிறது, அதனால் பழசாகக் கிடப்பதும் குறைவு. ரவை போட்டு வறுத்தது எல்லாக் கடையிலும் நன்றாகத்தான் தோன்றும். மேல்மாவு எதையும் மூடிவிடும். புதுக் கடை என்றால் ரவை இல்லாமல் வெறும் மசாலா தடவிய தவா ஃப்ரை ஒரு துண்டு கேட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

எந்தக் கடை என்பதை விட எந்த நாள் என்பது முக்கியம். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. மராட்டிய வீடுகளில் திங்கள், வியாழன், சனி பலர் அசைவம் தொடமாட்டார்கள். செவ்வாய் கணபதிக்கு என்று விடுகிறவர்களும் உண்டு. புதன், வெள்ளி, ஞாயிறுதான் மீன் நாட்கள். அந்த நாட்களில் சந்தையில் மீன் புரளும், ஓட்டலிலும் அன்று வந்தது அன்றே தீரும். ஞாயிறு மதியம் ஒரு மணிக்குப் போனால் வாசலில் நோட்டில் பெயர் எழுதிவைத்துவிட்டு நிற்க வேண்டும்; பன்னிரண்டு மணிக்கே போய்விடுங்கள், வயசானவர்களை நிற்க வைக்க வேண்டாம். என்னைக் கேட்டால் புதன், வெள்ளி மதியம்தான் சரி. மூன்றரைக்கு மேல் பல கடைகள் ஷட்டரைப் பாதி இறக்கிவிடும், திரும்ப இரவு ஏழு மணிக்குத்தான். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை விடும் கடைகளும் உண்டு, போன் பண்ணிவிட்டுக் கிளம்புங்கள்.

மழைக்காலம் தனிக் கணக்கு. உங்கள் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை என்றால், இந்தக் கரையில் வழக்கமாக ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். அந்த மாதங்களில் ஓட்டலில் வரும் பெரிய மீன் ஐஸிலிருந்து வந்ததாகவோ, அடுத்த கரையிலிருந்து லாரியில் வந்ததாகவோ இருக்கும். ஆவணிப் பௌர்ணமியை ஒட்டி நாரளி பூர்ணிமா வரும். கோலி மக்கள் கடலுக்குத் தேங்காய் விட்டுக் கும்பிட்டுப் படகை இறக்குவார்கள். அதற்குப் பிறகு சில வாரம் மீன் சந்தை களைகட்டும். ஆனால் அந்த ச்ராவண மாதத்தில் நிறைய வீடுகளில் அசைவமே கிடையாது. ஆக, மீன் இருக்கும், கூட்டம் இருக்காது. நமக்கு வசதிதானே!

தடைக் காலத்தில் மீன் கடைக்கே போகக்கூடாது என்று அர்த்தமில்லை. கொங்கணத்து வீடுகள் அந்த இரண்டு மாதத்தையும் ஓட்டுவது கருவாட்டில். வெர்சோவாவிலும் கோராயிலும் மூங்கில் கட்டிய பந்தல்களில் பொம்பிலை இரண்டிரண்டாக வாயில் கோத்துத் தொங்கவிட்டுக் காயவைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காய்ந்த பொம்பில் குழம்பு, கத்திரிக்காய் போட்ட ஜவ்ளா, கூடச் சூடாக ஒரு பாக்ரி. வெளியே மழை ஊற்றும்போது ஐஸ் சுர்மைக்குக் காசு கொடுப்பதை விட இது எவ்வளவோ மேல். கருவாட்டு வாடை பிடிக்காத நண்பர்களை மட்டும் கூட்டிப் போகாதீர்கள்.

அம்மா விஷயம். மால்வணிச் சமையலில் சைவத்துக்குக் குறைவே இல்லை: கருப்புப் பட்டாணி போட்ட தேங்காய்க் குழம்பு, அதற்கு ஆம்போளி என்ற தடித்த தோசை, பருவத்தில் உசள் என்ற பச்சை முந்திரிப் பருப்புக் கறி. முந்திரி உசள் கிடைக்கும் நாளில் நீங்களே மீனை விட்டுவிட்டு அதைச் சாப்பிடலாம், அப்படி ஒரு ருசி. ஆனால் அடுப்படி ஒன்றுதான், கல்லும் ஒன்றாக இருக்கலாம். அம்மாவுக்கு அது ஒத்துவருமா என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஒத்துவராது என்றால் வீண் முயற்சி வேண்டாம், மாட்டுங்காவுக்குப் போய்விடுங்கள். மத்திய ரயில்வே மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்திலேயே, மார்க்கெட் கட்டடத்து மாடியில், ராமா நாயக்கின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் 1942-லிருந்து நடக்கிறது. இலைச் சாப்பாடு, அளவில்லை, திங்கட்கிழமை லீவு. சொல்லப்போனால் அதுவும் கரையோரச் சாப்பாடுதான். உடுப்பியும் அதே கடல் ஓரத்து ஊர், மீன் இல்லாத பாதி. அப்பாவைத் தாதரில் விட்டு அம்மாவை மாட்டுங்காவுக்கு அழைத்துப் போனாலும் ஒரு ஸ்டேஷன் தூரம்தான்.

ஊர் ருசியே வேண்டும் என்று அடம் பிடிக்கும் நாளில் தாராவி இருக்கிறது. 90 அடி ரோட்டையும் அதன் கிளைச் சந்துகளையும் சுற்றி நம் பக்கத்து ஆட்கள் நடத்தும் சின்னச் சின்ன மெஸ்களில் புளி போட்ட மீன் குழம்பு கிடைக்கும். பேர் சொல்லும்படி ஒரு கடையைச் சொல்ல மாட்டேன், இவை இடம் மாறிக்கொண்டே இருக்கும். மதியம் போய், இலையில் என்ன இருக்கிறது என்று வாசலில் நின்று பார்த்துவிட்டு நுழையுங்கள்.

சனி ஞாயிறுக்கு அலிபாக். கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து மாண்ட்வாவுக்குப் படகு, ஒரு மணி நேரம். படகு டிக்கெட்டிலேயே அலிபாக் போகும் பஸ்ஸும் சேர்ந்து வருவது உண்டு, வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் இந்தப் படகுகள் நின்றுவிடும். அப்பா அம்மாவுக்கு ஏறி இறங்கக் கஷ்டம் என்றாலோ, காரையும் கொண்டுபோக வேண்டும் என்றாலோ, பாவ்சா தக்கா படகுத்துறையிலிருந்து வண்டிகளையும் ஏற்றிப் போகும் ரோ-ரோ கப்பல் 2020 மார்ச்சிலிருந்து ஓடுகிறது. அலிபாக் ஊருக்குள் சன்மான், ஃபுலோரா இரண்டும் மீன் தாலிக்குப் பேர் வாங்கியவை. ரிசார்ட்டில் தங்கினாலும் மதியச் சாப்பாட்டுக்கு ஊருக்குள் வந்துவிடுங்கள். ரிசார்ட் பஃபேயில் மீன் என்ற பெயரில் முள்ளெடுத்த வெள்ளைத் துண்டைப் போட்டு வைத்திருப்பார்கள்.

மூன்று நாள் லீவு கிடைத்தால் மால்வணுக்கே போகலாம். அங்கே ஓட்டலைத் தேடாதீர்கள். தெருவுக்குத் தெரு ‘கர்குத்தி ஜேவண்’ என்று பலகை தொங்கும், வீட்டுச் சாப்பாடு. வீட்டுத் திண்ணையிலோ முன்கட்டிலோ நாலு மேசை போட்டிருப்பார்கள். காலையிலேயே போய் எத்தனை பேர், என்ன மீன் என்று சொல்லிவிட வேண்டும், அதற்குத் தகுந்த மாதிரி வாங்கிச் சமைப்பார்கள். பன்னிரண்டு மணிக்குத் திடீரென்று போய் நின்றால் வேறு யாருக்கோ வாங்கியதில் மிச்சம்தான் கிடைக்கும். இங்கே அம்மாவுக்கும் பிரச்சினை இல்லை, முன்கூட்டிச் சொன்னால் தனியாகச் சமைத்துக் கொடுக்கும் வீடுகள் இருக்கின்றன. காலையில் கடற்கரையில் ‘ராபண்’ இழுக்கும் இடத்தில் நின்று பாருங்கள். நம் கரைவலைதான், இரண்டு பக்கமும் கயிறு பிடித்து ஊரே இழுக்கும். வலையில் வந்த மத்தியும் அயிலையும் மதியம் தட்டில் இருக்கும்.

மால்வணுக்கு ரயில் கூடால் ஸ்டேஷன் வரை; அங்கிருந்து பஸ்ஸோ ஆட்டோவோ. கொங்கண் கன்யா எக்ஸ்பிரஸ் இரவில் கிளம்பிக் காலையில் இறக்கிவிடும், வயசானவர்களுக்கு அதுதான் வசதி. முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கும், திறந்த அன்றே போட்டுவிடுங்கள். விநாயகர் சதுர்த்தி வாரத்தில் மட்டும் போகாதீர்கள். மும்பையில் இருக்கும் கொங்கணத்துக்காரர்கள் அத்தனை பேரும் அந்த ரயில்களில் ஊருக்குப் போவார்கள், டிக்கெட் கிடைக்காது. கிடைத்துப் போனாலும் கணபதி வீட்டில் இருக்கும்வரை அங்கே பல வீடுகளில் மீன் சமைக்க மாட்டார்கள்.